குளக்கோட்டு மன்னனும் கோட்டை வாசற் கல்லும்

குளமும் கோட்டமும் அமைத்தமையால் குளக்கோட்டன் எனப் பெயர் பெற்ற மன்னன், சோழகுலத்து வரராமதேவரின் மைந்தன் என்று கோணேசர் கல்வெட்டு என்னும் நூல் கூறும். தந்தையார் விரும்பிய கோணேசர் திருப்பணியை மகன் நிறைவேற்றினான் என்பர். ஆடகசவுந்தரியை மணந்ததும், பூதங்களின் துணையுடன் கந்தளாய்க் குளத்தைக் கட்டியதும் வழிவழி வந்த ஐதீகம். பூதம் கட்டியதோ மனிதர் கட்டினரோ, கோயில் நெல்லுக்கு நீர் வேண்டும் என்பதை அவன் முதலில் எண்ணினான். தொழும்பு செய்யக் குடிகளை அழைத்து வந்து மானியம் கொடுத்துக் குடியமர்த்தினான். தோப்பூரும் மூதூரும் அடங்கிய கொட்டியாரப்பற்றிலும் இக்கதை இன்றும் வழங்குகிறது.

இவ்வளவும் செய்தவன் பின்வருவதையும் சொல்லிச் சென்றான் என்பதே பலரும் அறிந்த செய்தி. தன் திருப்பணியைப் பறங்கியர் பிரிப்பர், பின்வரும் அரசர் அதனைப் பேணமாட்டார், வெவ்வேறு கண்ணுடைய அந்நியர் ஆள்வர், முடிவில் வடுகர் வசமாகும் என்பது அதன் பொருள். 1620களில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா கோயிலை இடித்து அக்கற்களாற் கோட்டை கட்டினான். அக்கோட்டை வாசலில் இரட்டைக் கயலுடன் இவ்வாசகம் பொறித்த கல் உள்ளது. ஆயினும் கல்லில் எழுத்துக்கள் சிதைந்துவிட்டன. எஞ்சியதை வாய்மொழியே நிரப்பியது.

பூனைக்கண், செங்கண், புகைக்கண் யார் யார் என்பதிற் பெரியோர் ஒத்துப்போவதில்லை. 1639 இல் ஒல்லாந்தர் வந்தனர், 1782 இல் பிரெஞ்சுக்காரர் சிறிதுகாலம் இருந்தனர், 1795 இல் ஆங்கிலேயர் பிடித்தனர். எக்கண்ணை எவருக்குச் சூட்டினாலும் ஒருவாறு பொருந்தும். வடுகர்தான் பொருந்தவில்லை. கண்டியில் நாயக்கர் ஆட்சி தொடங்கியது 1739 இல், ஆங்கிலேயர் வருமுன்பே. வந்தவர் ஒவ்வொருவரையும் பார்த்தபின் பொருள் கொண்டால் தீர்க்கதரிசனத்துக்கு எல்லையில்லை.

அரசர் பேணார் என்ற சொல்லோ வேறுவிதமாகப் பலித்தது. 1950 இல் கிணறு வெட்டியவர்கள் மண்ணுள் சோமாஸ்கந்தர் முதலிய விக்கிரகங்களைக் கண்டெடுத்தனர். இடிபாட்டின்போது அடியார்கள் ஒளித்து வைத்தவை அவை. எந்த மன்னனும் முன்வராத இடத்தில் ஊர்மக்கள் பணம் சேர்த்துத் திருப்பணி செய்தனர். 1963 மார்ச் 3 ஆம் நாள் கும்பாபிஷேகம் நடந்தது. சிதைந்த அந்தக் கல் கோட்டை வாசலிலேயே நிற்கிறது. கோணேசரைத் தரிசிக்கப் போகிறவர்கள் அதைக் கடந்துதான் மலையேறுகின்றனர்.