அன்னையரைக் காத்த அண்ணல்

வந்த நோய்க்கு மருந்து தேடுவதினும் நோய் வாராமற் காத்தலே அறிவுடைமை என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆயினும், ஒரு பாத்திரம் நீரும் சிறிதளவு பிளீச்சிங் பவுடரும் எத்தனை உயிர்களைக் காக்கவல்லன என்பதைக் கணக்கிட்டு மெய்ப்பித்துக் காட்டியவர் யார், அதற்கு உலகம் அவருக்கு அளித்த பரிசு யாது என்பவற்றைப் பலர் அறியார். அவரே அங்கேரி நாட்டு மருத்துவராகிய இக்னாஸ் செம்மல்வைஸ் என்பவர். அவர்தம் வரலாற்றை இம்மலர் வாயிலாகச் சங்கத்து அன்பர்களுக்குச் சுருங்க உரைக்க விழைகின்றோம்.

இளமை

செம்மல்வைஸ் 1818ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள், புடா என்னும் ஊரில் ஒரு மளிகை வணிகரின் மகனாகப் பிறந்தார். சட்டம் பயில வியன்னா நகருக்கு அனுப்பப்பட்டவர், மருத்துவத்தின்பால் மனம் சென்றமையால் அத்துறையிற் புகுந்து 1844இல் பட்டம் பெற்றார். 1846இல் வியன்னாப் பொது மருத்துவமனையின் முதலாம் பிரசவப் பிரிவில் துணை மருத்துவராக அமர்ந்தார்.

விடுகதை

அம்மருத்துவமனையில் பிரசவப் பிரிவுகள் இரண்டு இருந்தன. முதலாவதில் மருத்துவ மாணவர்களும், இரண்டாவதில் மருத்துவச்சிகளும் பயிற்சி பெற்றனர். 1841 முதல் 1846 வரையிலான கணக்குப்படி, முதற் பிரிவில் நூற்றுக்குப் பத்துத் தாய்மார் அளவில் இறந்தனர். இரண்டாவதிலோ நூற்றுக்கு நால்வர் அளவிலேயே இறந்தனர். காரணம் பிரசவ ஜுரம். நம் பாட்டிமார் ஜன்னி என்று அஞ்சிய நோய் அது.

ஏழைப் பெண்கள் இவ்வேறுபாட்டை நன்கு அறிந்திருந்தனர். முதற் பிரிவில் சேர்க்க வேண்டா என்று மண்டியிட்டு மன்றாடினர். வழியில் தெருவிலேயே பிள்ளை பெற்றவருக்குக்கூட இந்நோய் அவ்வளவாக வரவில்லை!

கெட்ட காற்றே காரணம் என்றனர் பெரியோர். அவ்வாறாயின் ஒரே வளாகத்தின் இரு பிரிவுகளுக்கும் காற்று வேறாகுமோ? நெருக்கடி என்றனர் சிலர். இரண்டாம் பிரிவிலேயே நெருக்கடி மிகுதி. படுக்கும் முறையையும், சாவுமணி ஒலித்துச் சென்ற பாதிரியாரின் வழியையும் செம்மல்வைஸ் மாற்றிப் பார்த்தார். பயனில்லை. பதிவேடுகளில் எண்களை எழுதி வைக்கும் பணியைச் சிறிதாக எண்ணுவார் உளர். ஆயின் இவ்விடுகதையைக் கண்முன் நிறுத்தியவை அந்த ஏடுகளே அல்லவா?

விடை

1847 மார்ச்சுத் திங்களில், அவருடைய நண்பராகிய பேராசிரியர் கோலெச்கா, பிண ஆய்வின்போது மாணவர் ஒருவரின் கத்தி விரலிற் பட்டுப் புண்ணாகி இறந்தார். அவருடலில் கண்ட மாறுதல்களும் ஜுரத்தால் இறந்த தாய்மாரிடம் கண்ட மாறுதல்களும் ஒத்திருந்தன. செம்மல்வைசுக்கு உண்மை விளங்கிற்று. மருத்துவரும் மாணவரும் பிண ஆய்வுக் கூடத்திலிருந்து நேரே வந்து கருப்பிணிகளைச் சோதித்தனர். மருத்துவச்சிகள் பிண ஆய்வு செய்வதில்லை. நோயைக் கொண்டு சென்றவை மருத்துவரின் கைகளே!

அவர்கள் கை கழுவாதவர் அல்லர். சவர்க்காரமிட்டே கழுவினர். ஆயினும் பிணவாடை கையைவிட்டு அகலவில்லை. கண்ணுக்குத் தூய்மையாய்த் தோன்றுவது வேறு, நஞ்சு நீங்கியது வேறு என்று தெளிந்த செம்மல்வைஸ், அவ்வாடையைப் போக்கவல்ல குளோரின் நீரில் கைகளைக் கழுவுமாறு 1847 மே மாதத்தில் ஆணையிட்டார். பின்னர், விலை குறைந்த குளோரின் சுண்ணாம்பை வழங்கினார். நாம் பிளீச்சிங் பவுடர் என்பது அதுவே.

ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு, ஜூனில் இரண்டளவாகக் குறைந்தது. 1848இல் மார்ச்சு, ஆகஸ்டு ஆகிய இரு திங்களிலும் அப்பிரிவில் ஒரு தாயும் இந்நோயால் இறக்கவில்லை.

இடையில் 1847 அக்டோபரில், கருப்பையில் சீழ்கொண்ட புற்றுநோயுடைய ஒருத்தியைச் சோதித்த பின் கைகளைச் சவர்க்காரத்தால் மட்டும் கழுவி ஏனையோரைச் சோதித்தனர். பன்னிருவரில் பதினொருவர் மாண்டனர். பிணத்தினின்று மட்டுமன்றி, உயிருள்ளார் புண்ணினின்றும் நஞ்சு பரவும் என்பதை இத்துயரம் கற்பித்தது.

பெற்ற பரிசு

இத்தகையவரை உலகம் போற்றியிருக்க வேண்டும். ஆனால் தம் கைகளே கொலைக் கருவிகளாயின என்பதை ஒப்ப மருத்துவர் பலருக்கு மனம் வரவில்லை. 1849இல் அவர் பதவி நீட்டிக்கப்படவில்லை. மனம் நொந்து பெஸ்ட் நகர் திரும்பி, புனித ரோக்கு மருத்துவமனையில் ஊதியமின்றிப் பணியாற்றி, அங்கும் பிரசவ ஜுரச் சாவை நூற்றுக்கு ஒன்றினும் குறைத்தார். பின்பு பல்கலைக்கழகப் பேராசிரியராகி, அழுக்குப் படுக்கை விரிப்புகளாலும் நோய் பரவுவதைக் கண்டு, தூய விரிப்புகளுக்காக நிருவாகத்தாரோடு போராடினார்.

1861இல்தான் தம் நூலை வெளியிட்டார். எதிர்த்தவரைக் கொலைகாரர் எனக் கடிதங்களிற் சாடினார். இக்கடுஞ்சொல் அவருக்குத் துணை சேர்க்கவில்லை, பகையையே வளர்த்தது. உள்ளம் நிலைகுலைந்த அவர், 1865இல் வியன்னாவின் மனநோய் விடுதியில் அடைக்கப்பட்டு, இரு வாரங்களில், ஆகஸ்டு 13 அன்று உயிர் நீத்தார். வயது நாற்பத்தேழு. எந்த நஞ்சினின்று அன்னையரைக் காத்தாரோ, புண்ணினின்று குருதியிற் பரவிய அந்நஞ்சே அவரையும் கொண்டது. அதற்கு முதல் நாள்தான், கிளாஸ்கோவில் ஜோசப் லிஸ்டர் ஒரு சிறுவனின் கால்முறிவுப் புண்ணுக்குக் கார்பாலிக் அமிலமிட்டுக் காத்தார். 1879இல் பாஸ்டர் பிரசவ ஜுரக் கிருமியைச் சுட்டிக் காட்டினார். புடாபெஸ்ட் மருத்துவப் பல்கலைக்கழகம் 1969இல் செம்மல்வைசின் பெயரைப் பூண்டது.

நம் இல்லத்திற்கு

இவ்வரலாற்றால் நாம் கொள்ளத்தக்கன சில உள. இன்று வீட்டில் கை கழுவச் சவர்க்காரமும் நீரும் போதும். விரலிடுக்கும் நகக்கண்ணும் தேய்த்து இருபது வினாடி கழுவுதல் வேண்டும். பச்சைக் குழந்தையைத் தொடுமுன்னும், சமைக்குமுன்னும், நோயாளிக்குப் பணிவிடை செய்தபின்னும் இதனை மறத்தலாகாது. பிளீச்சிங் பவுடர் கைக்கன்று; தரைக்கும் கழிப்பறைக்கும் உரியது. முதலில் அழுக்கைக் கழுவிய பின்னரே அதனை இடவேண்டும். அழுக்கின்மேல் இட்டால் அதன் ஆற்றல் குன்றும். குளிர்ந்த நீரில் அன்றன்று கரைத்து, சன்னல்களைத் திறந்துவைத்துப் பயன்படுத்துக. கழிப்பறை ஆசிட்டுடனோ அம்மோனியா சேர்ந்த திரவங்களுடனோ அதனை ஒருபோதும் கலவற்க. மூச்சை முடக்கும் நச்சுவாயு எழும். குடிநீர்ப் புட்டிகளில் ஊற்றி வையாது, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் மூடி வைக்க.

ஊரை விட்டு வந்து வாழும் நமக்குப் பிரசவத்துக்கும் நோய்க்கும் உதவ உற்றார் பலர் அருகில் இரார். அண்டை வீட்டாரே தாயும் தமக்கையுமாய் வந்து தாங்குகின்றனர். அன்போடு நீளும் அக்கைகள் தூய கைகளாகவும் இருத்தல் வேண்டும். பிறர் கையைக் கழுவச் சொல்ல நேர்ந்தால் இன்சொல்லாற் சொல்லுவோம். நம்மிடம் பிறர் சொன்னால் சினவாது கேட்போம். அவ்விரண்டும் அன்று வியன்னாவில் இருந்திருப்பின், எத்தனையோ அன்னையர் தம் மக்களை வளர்த்து ஆளாக்கியிருப்பர்.

வாழ்க செம்மல்வைஸ் புகழ்!