தன் வீட்டிலிருந்தே தொடங்கிய தலைமகன்: அறிஞர் எம்.சி. சித்திலெப்பை

கண்டி மாநகரின் திருகோணமலை வீதியில், இற்றைக்கு நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன்னர், முஸ்லிம் சிறுமியருக்கென ஒரு பாடசாலை இயங்கியது. பெண்பிள்ளைகள் ஓதக் கற்றுக்கொண்டால் போதும், எழுதக் கற்பது ஆகாது என்று பெரியோர் பலர் கருதிய காலம் அது. அப்பாடசாலையைத் தொடங்கியவர், அதன் பொறுப்பைத் தம் உடன்பிறந்த சகோதரியிடமே ஒப்படைத்தார். அந்தச் சகோதரி முத்து நாச்சியா. தொடங்கியவர் அறிஞர் முகம்மது காசிம் சித்திலெப்பை.

சித்திலெப்பையின் பெயரை நம்மவரில் அறியாதார் குறைவு. ஈழத்தின் முதல் தமிழ் நாவலை எழுதியவர், முஸ்லிம் நேசன் பத்திரிகையின் ஆசிரியர், கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் மூலவர்களுள் ஒருவர் என்று அவரது சாதனைகளை வரிசைப்படுத்துவது வழக்கம். பாடப்புத்தகத்தில் ஒரு பக்கமாகவும் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஓர் உரையாகவும் அவை அடங்கிவிடுகின்றன. ஆனால் அச்சாதனைகளுக்காக அவர் எதைப் பணயம் வைத்தார், அச்சுமையை முதலில் யார் தோளில் ஏற்றினார் என்பன அதிகம் பேசப்படுவதில்லை. அவற்றை நினைவுகூர்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1838 ஆம் ஆண்டு ஜூன் 11 ஆந் திகதி கண்டியில் பிறந்தார் சித்திலெப்பை. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்கு மாறி அப்போது 23 ஆண்டுகளே கடந்திருந்தன. மன்னர் காலத்தில் பொதிமாடுகளில் உப்பும் கருவாடும் துணியும் ஏற்றி, கரையோரத்தையும் மலைநாட்டையும் இணைத்தவர்கள் முஸ்லிம் வணிகர்கள். புதிய ஆட்சியில் வீதிகள் வந்தன. கோப்பித் தோட்டங்கள் வந்தன. நீதிமன்றங்களும் ஆங்கில மொழியும் வந்தன. இம்மாற்றத்தைக் காலத்தோடு உணர்ந்த முஸ்லிம் குடும்பங்கள் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று சித்திலெப்பையின் குடும்பம். அவரது தந்தையார், இந்நாட்டில் முதன்முதலாகப் புரொக்டர் எனப்படும் சட்டத்தரணித் தொழிலுக்கு வந்த முஸ்லிம்களுள் ஒருவராவார்.

தந்தை வழியிலேயே மகனும் சட்டம் பயின்றார். 1862 இல் மாவட்ட நீதிமன்றத்திலும், அடுத்த இரண்டு ஆண்டுகளில் உயர் நீதிமன்றத்திலும் தொழில் புரியும் தகுதி பெற்றார். தமிழ், அரபு, ஆங்கிலம், சிங்களம் ஆகிய மொழிகளில் அவருக்குப் பயிற்சி இருந்தது. கண்டி மாநகர சபையில் உறுப்பினராக அமர்ந்தார். மாநகர நீதிவானாகவும் கடமையாற்றினார். நாற்பது வயதை எட்டும்போது, அக்காலத்து முஸ்லிம் ஒருவர் எதிர்பார்க்கக்கூடிய அந்தஸ்தும் வருமானமும் மரியாதையும் அவரிடம் நிறைந்திருந்தன. குடும்பத்தோடு அமைதியாக வாழ்ந்து முடித்திருந்தால் எவரும் அவரைக் குறை கூறியிருக்கமாட்டார்கள்.

ஆனால் நீதிமன்றத்தில் அவர் நாள்தோறும் கண்ட காட்சி அவரை அமைதியாக இருக்க விடவில்லை போலும். சட்டமும் உறுதிகளும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டன. அவற்றில் கையொப்பமிட்ட முஸ்லிம்களிற் பெரும்பாலோர், தாம் எதில் கையொப்பமிடுகிறோம் என்பதை வாசித்தறிய இயலாதவர்களாக இருந்தனர். ஆங்கிலம் கற்பித்த பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவை கிறிஸ்தவ மிஷன்களின் கையில் இருந்தன. பிள்ளை மதம் மாறிவிடுவான் என்ற அச்சத்தில் முஸ்லிம் பெற்றோர் அவற்றைத் தவிர்த்தனர். அந்த அச்சத்திற்கு நியாயமும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் சைவப் பாடசாலைகளை நிறுவியதும், 1880 இல் வந்திறங்கிய ஒல்கொட்டின் துணையோடு பௌத்தர்கள் தமக்கென ஆங்கிலப் பாடசாலைகளை எழுப்பியதும் இதே அச்சத்திற்கு விடையாகத்தான். முஸ்லிம்களிடத்தே அந்த விடையைத் தேடிப் புறப்பட்டவர் சித்திலெப்பை.

1882 டிசம்பரில் முஸ்லிம் நேசன் வார இதழ் வெளிவந்தது. தமிழிலும் அரபுத் தமிழிலும் அது செய்தி சொன்னது. எகிப்து, துருக்கி நிலைமைகளும் உள்ளூர்ப் பள்ளிவாசல் நிர்வாகச் சிக்கல்களும் அதில் இடம்பெற்றன. கல்வியின் அவசியத்தை அது திரும்பத் திரும்ப வலியுறுத்தியது. தமிழகத்திலும் மலாயாத் துறைமுகங்களிலும் வாழ்ந்த தமிழ் முஸ்லிம்களும் அதனை வாசித்தனர். சமூகத்தின் குறைகளைச் சமூகத்தாரிடமே எடுத்துக் கூறும் பத்திரிகைக்கு எதிர்ப்பு வராமல் இருக்குமா? ஆங்கிலம் படிக்கச் சொல்பவர் மார்க்கத்திற்கு விரோதி என்ற பேச்சும் எழத்தான் செய்தது. சன்மார்க்க நெறியிலும் ஆத்மஞானத்திலும் ஊறித் திளைத்த ஒருவருக்கு இதைவிட வேதனை தரும் பழி வேறில்லை.

பத்திரிகை தொடங்கிய மறு மாதமே, 1883 ஜனவரியில், ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டுத் தோற்ற எகிப்தியத் தலைவர் ஒராபி பாஷா தம் தோழர்களோடு நாடு கடத்தப்பட்டுக் கொழும்பு வந்து சேர்ந்தார். சித்திலெப்பைக்கும் அவருக்கும் நெருங்கிய நட்பு மலர்ந்தது. மார்க்கத்தைக் கைவிடாமலே நவீன கல்வியைக் கைக்கொள்ள முடியும் என்பதற்கு ஒராபியே வாழும் சான்றாக விளங்கினார். 1892 இல் கண்டிக்குக் குடிபெயர்ந்த ஒராபி, 1901 இல் தாயகம் திரும்பும் வரை அந்நகரிலேயே வாழ்ந்தார். அவர் வாழ்ந்த இல்லம் பின்னாளில் நினைவு நிலையமாக்கப்பட்டது.

1884 இல் சித்திலெப்பை கொழும்பில் ஒரு பாடசாலையைத் தொடங்கினார். அந்த ஆண்டு எத்தகைய ஆண்டு என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1869 முதல் பரவிய இலைநோய் கோப்பிச் செடிகளை அழித்துக்கொண்டிருந்தது. 1884 மே மாதத்தில் ஓரியண்டல் வங்கி முறிந்தது. தோட்டங்களை நம்பியிருந்த மலைநாட்டு வணிகம் நிலைகுலைந்தது. கொடுப்பதற்கு மனமிருந்தவர்களிடமும் பணமில்லாத காலத்தில்தான் அவர் கல்விக்காகக் கையேந்தினார். பிறர் தராதபோது தம் பணத்தைச் செலவிட்டார். போதிய ஆதரவின்றி அப்பாடசாலை நீடிக்கவில்லை.

தோல்வி அவரைத் தளர்த்தவில்லை. 1867 முதல் கண்டிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடிய புகையிரதம் அவரது முயற்சிகளுக்குத் துணையானது. தொழில் ஓரிடம், பத்திரிகை வேலை ஓரிடம், பாடசாலைக் கூட்டம் வேறோரிடம் என அவர் அலைந்தார். கண்டி, கம்பளை, குருநாகல், பொல்கஹவலை ஆகிய ஊர்களில் அவர் முயற்சியால் பாடசாலைகள் தோன்றின. மாணவருக்கு வேண்டிய பாடநூல்களையும் தாமே எழுதினார். கொழும்பு நூதனசாலையைக் கட்டியெழுப்பிய வாப்பிச்சி மரைக்கார், ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் போன்றோர் கைகொடுக்க, ஒராபி பாஷாவின் ஆதரவோடு 1892 இல் மருதானையில் மத்ரஸதுஸ் ஸாஹிரா உதயமாயிற்று. இன்று நாடறிந்த ஸாஹிராக் கல்லூரி அதுவே.

இத்தனை அலைச்சலுக்கு நடுவே 1885 இல் அசன்பே சரித்திரத்தையும் அவர் வெளியிட்டார். தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரம் அச்சேறி ஆறே ஆண்டுகள் ஆகியிருந்த வேளை அது. எகிப்தில் உயர்குடியிற் பிறந்த குழந்தையொன்று கடத்தப்பட்டு, பம்பாயில் வளர்ந்து, கல்கத்தாவில் ஆளாகி, இறுதியில் பெற்றோரைச் சேர்வதே அதன் கதை. கடலும் ஆபத்தும் துணிச்சலும் நிறைந்த இச்சாகசக் கதையின் முடிவு, பிரிந்த குடும்பம் ஒன்றுசேர்வதாக அமைந்திருப்பது தற்செயலன்று என்றே தோன்றுகிறது. கல்வியும் நற்குணமும் உடைய பிள்ளை உலகின் எந்த மூலைக்குச் சென்றாலும் தன் வீட்டிற்கு வழி கண்டுகொள்வான் என்ற நம்பிக்கையை, அஞ்சிக்கொண்டிருந்த பெற்றோர் உள்ளத்தில் அக்கதை விதைத்திருக்கும்.

இந்த நம்பிக்கையைப் பெண்களுக்கும் உரியதாக்கியதில்தான் அவரது துணிச்சலின் உச்சத்தைக் காண்கிறோம். ஆண்பிள்ளைகளைப் படிக்கவைக்கத் தயங்கிய சமூகத்தில், 1890களின் தொடக்கத்தில் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை அமைத்தார். பெண்களை வெளியே அனுப்பச் சொல்லும் இவர் தம் வீட்டுப் பெண்களை அனுப்புவாரா என்ற கேள்விக்கு, அவர் மேடையில் விடை கூற வேண்டியிருக்கவில்லை. முத்து நாச்சியா அப்பாடசாலையின் பொறுப்பை ஏற்றதே அதற்கான விடை. ஊராரின் ஏளனத்தில் ஒரு பங்கு அந்த அம்மையாரையும் சேர்ந்திருக்கும். தமையனின் பெயர் நூல்களில் நிலைத்தது. தங்கள் குடும்பத்தின் நற்பெயரைத் தமையனோடு சேர்ந்து பணயம் வைத்த அப்பெண்மணியின் பெயரோ அரிதாகவே உச்சரிக்கப்படுகிறது.

வாழ்வின் இறுதி ஆண்டுகளில் ஞானதீபம் என்ற மாத இதழை நடத்தினார். ஆத்மஞானம் பற்றிய அவரது அஸ்றாறுல் ஆலம் 1897 இல் வெளிவந்தது. அதற்கும் கண்டனங்கள் எழுந்தன. 1898 பெப்ரவரி 5 ஆந் திகதி, அறுபது வயது நிறையும் முன்னரே, அவர் இறையடி சேர்ந்தார். நட்ட மரங்களில் ஒன்றிரண்டே அப்போது வேர்பிடித்திருந்தன. அவற்றின் நிழலில் அமரும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

1977 இல் அரசு அவர் நினைவாக முத்திரை வெளியிட்டது. கண்டியில் அவர் பெயரால் பாடசாலை ஒன்றும் உண்டு. தமிழ் இலக்கிய உலகும் முஸ்லிம் சமூகமும் அவரை உரிமையோடு கொண்டாடுகின்றன. முஸ்லிம் சமூகத்தின் விழிப்பைத் தமிழிலேயே எழுதியவர் என்ற வகையில் இரு சாராருக்கும் அவ்வுரிமை உண்டு. உறவில் விரிசல்கள் நேர்ந்த காலங்களை நாம் கடந்து வந்திருக்கிறோம். ஒரே மொழியில் சிந்தித்த பொது முன்னோர் ஒருவரை நினைவிற் கொள்வது அவ்விரிசல்களை ஆற்ற ஓரளவேனும் உதவும்.

சீர்திருத்தத்தை அடுத்த வீட்டில் தொடங்கச் சொல்வது எளிது. பொதுப் பணியைக் காரணம் காட்டி வீட்டை மறந்தோரும் உளர். வீட்டைக் காரணம் காட்டிப் பொதுப் பணியை ஒதுக்கியோரும் உளர். இரண்டையும் ஒன்றாகவே கண்டவர் சித்திலெப்பை. தம் உழைப்பு, தம் பணம், தம் சகோதரி என அனைத்தையும் முதலில் முன்வைத்த பின்னரே பிறரிடம் கேட்டார். கல்வியைப் பற்றியும் சமூக மாற்றத்தைப் பற்றியும் பேசும் நாம் ஒவ்வொருவரும், அதற்காக நம் வீட்டிலிருந்து எதை முன்வைத்தோம் என்று கேட்டுப் பார்ப்பதே அம்மாமனிதருக்கு ஆற்றும் உண்மையான நன்றிக்கடனாகும்.