கடிகாரத்தை முன்வைத்து எழுதியவர்

47 நாவல்கள் எழுதிய ஒருவர் 33 ஆண்டுகள் அஞ்சல் துறையில் முழுநேர வேலை பார்த்தார் என்றால் நம்புவீர்களா? ஆந்தனி டிராலோப் (1815–1882) அப்படிப்பட்டவர். ஆய்வேட்டின் இரண்டாம் இயல் நகராமல் கிடந்த நாள்களில்தான் நான் இந்த ஆங்கில நாவலாசிரியரைத் தேடிப் படித்தேன். கதைக்காக அல்ல, அவருடைய கால அட்டவணைக்காக.

லண்டனுக்கு அருகே வால்தம் கிராஸில் வாழ்ந்தபோது, அதிகாலை 5.30க்கெல்லாம் அவர் மேசையில் இருப்பார். காப்பியோடு வந்து எழுப்புவதற்காகவே குதிரைக்காரருக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதல் சம்பளம்! முதல் அரை மணி நேரம் முந்திய நாள் எழுதியதைப் படிப்பார். அதன் பிறகு கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, 15 நிமிடங்களுக்கு 250 சொற்கள் என்று எழுதுவார். 8.30க்கு அன்றைய எழுத்து முடிந்துவிடும். பிறகு அலுவலகம். எழுதிய பக்கங்களின் எண்ணிக்கையை நாள்தோறும் குறிப்பேட்டில் பதிவார்; சோம்பியிருந்த நாள்களும் அதில் அப்படியே தெரியும்.

வேலை நிமித்தம் இரயிலில் அலைந்த காலத்தில், மடியில் பலகை வைத்துப் பென்சிலால் எழுதினார். அதை மனைவி ரோஸ் மையால் படியெடுத்துக் கொடுத்தார். 1857இல் வெளிவந்த 'பார்செஸ்டர் டவர்ஸ்' நாவலின் பெரும்பகுதி இப்படி உருவானதே. (ஜெர்சி தீவில் 1852இல் தூண் வடிவ அஞ்சல் பெட்டிகள் வந்ததும் இவர் பரிந்துரையால்தான்.)

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? தாயிடமிருந்து என்றே நான் நினைக்கிறேன். பிரான்சஸ் டிராலோப் 50 வயதைக் கடந்தபிறகு குடும்பத்தைக் காப்பாற்ற எழுத வந்தவர். கடனுக்கு அஞ்சிக் குடும்பம் 1834இல் பெல்ஜியத்தின் புரூஜ் நகருக்குச் சென்றது. அங்கே மகன் ஹென்றி காசநோயால் இறந்தான். அடுத்த ஆண்டு கணவரும் இறந்தார். நோயாளிகளுக்குப் பணிவிடை செய்துகொண்டே, இரவெல்லாம் விழித்து அந்தத் தாய் நாவல் எழுதினார். அந்த வீட்டில் வளர்ந்தவருக்கு 'எழுதும் மனநிலை வரட்டும்' என்று காத்திருப்பது வேடிக்கையாகத்தான் தோன்றியிருக்கும். செருப்புத் தைப்பவர் ஒரு சோடியை முடித்ததும் அடுத்த தோலை எடுப்பதைப் போலத்தான் எழுத்தும் என்பது அவர் கருத்து. எகிப்துக்கு அஞ்சல் பணியாகச் சென்றிருந்தபோது 'டாக்டர் தார்ன்' நாவலை முடித்தவர், மறுநாளே அடுத்த நாவலைத் தொடங்கிவிட்டார்.

என்றாலும், தொடக்கத்தில் அவருடைய முதல் மூன்று நாவல்களும் விலைபோகவில்லை. அட்டவணை திறமையைத் தந்துவிடாது என்பது உண்மையே. ஆனால், திறமை முதிரும்வரை அவரை மேசையில் உட்கார வைத்தது அதுதான்.

இதையெல்லாம் ஒளிக்காமல் தன்வரலாற்றில் எழுதினார். புத்தகங்களால் ஈட்டிய பணத்தைக்கூடக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஏறத்தாழ 70,000 பவுண்டு. அவர் இறந்த மறுஆண்டு, 1883இல் நூல் வெளிவந்தது. கடிகாரம் பார்த்து எழுதியவர் கலைஞரா என்று பலர் முகம் சுளித்தனர். அவர் புகழும் நெடுங்காலம் மங்கிக் கிடந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தின் கவிஞர் மூலையில் அவருக்கு நினைவுக்கல் பதிக்கப்பட்டது 1993இல்தான்.