என்றென்றும் அடிமை: புனித பீற்றர் கிளேவர்

ஸ்பெயின் தேசத்தில் வெர்தூ என்னும் ஊரில் 1580ஆம் ஆண்டு பிறந்த பீற்றர் கிளேவர், 1602இல் இயேசு சபையிற் சேர்ந்தார். மயோர்க்காத் தீவிற் கல்வி பயின்றபோது, கல்லூரி வாயிற்காவலராயிருந்த அல்போன்ஸ் ரொட்றிகஸ் என்னும் எளிய சகோதரரே அவரை அமெரிக்க வேதபோதகத்துக்குத் தூண்டினார். 1610இல் கடல் கடந்த அவர், 1616இல் கார்த்தகேனா நகரிற் குருப்பட்டம் பெற்றார்.

அத்துறைமுகத்தில் ஆபிரிக்க மக்கள் விலங்கிடப்பட்டுக் கப்பல் கப்பலாக வந்திறங்கினர்; மாடுகளைப்போல் விலைபேசப்பட்டனர். 1622 ஏப்ரல் 3ஆம் திகதி அடிகளார் தமது நித்திய வார்த்தைப்பாட்டை அளித்தார். அப்பத்திரத்திற் கையொப்பமிடும்போது, தாம் என்றென்றும் ஆபிரிக்கரின் அடிமை என்றும் சேர்த்தெழுதினார்.

எழுதியபடியே வாழ்ந்தார். கப்பல் வந்ததென அறிந்தால் மருந்தும் உணவும் சுமந்து, துர்நாற்றம் வீசும் அதன் அடித்தட்டில் இறங்குவார். முதலில் நோயாளரின் புண்களைக் கழுவுவார். பின்பே, அவரவர் மொழி அறிந்தோர் துணையுடன் வேதம் போதிப்பார். சுமார் 3 இலட்சம் பேருக்கு ஞானஸ்நானம் அளித்தாரென்பது வழிவழிச் செய்தி.

கடைசி 4 ஆண்டுகள் நோயால் முடங்கிக் கிடந்தார். பணிவிடைக்கு விடப்பட்டவனோ அவரைக் கவனியாது வருத்தினான். அடிகளார் முறையிடவில்லை. 1654 செப்டெம்பர் 8ஆம் திகதி மரித்தார்.

1888இல் 13ஆம் சிங்கராயர் பாப்பரசர் அவரையும் அந்த வாயிற்காவலரையும் ஒரே நாளிற் புனிதராக உயர்த்தினார். அளித்த வாக்கை 32 ஆண்டுகள் காத்த அடிகளாரின் திருநாள் செப்டெம்பர் 9ஆம் திகதியாகும்.