சிரிக்காமலே சிரிக்க வைத்த பஸ்டர் கீட்டன்

ஒரு வீட்டோட முன்பக்கச் சுவர் முழுசா பெயர்ந்து ஒருத்தர் மேல விழுது. அவர் நிக்கிற இடத்துக்கு நேரா மாடி ஜன்னல் திறந்திருக்கு. சுவர் தரைமட்டம், மனுஷன் மட்டும் நின்ன இடத்துலயே நிக்கிறார். ஜாக்கி சானோட 'புராஜெக்ட் ஏ' இரண்டாம் பாகத்துல (1987) இப்படி ஒரு காட்சி உண்டு. ஆனா 1928-லயே 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்துல அதைச் செஞ்சவர் பஸ்டர் கீட்டன். கிராஃபிக்ஸ் கிடையாது, டூப் கிடையாது. சுவரோட எடை சுமார் ரெண்டு டன். ஜன்னலுக்கும் உடம்புக்கும் நடுவுல சில அங்குல இடைவெளிதான். கணக்கு தப்பினா ரீடேக் எடுக்க ஆளே இருக்காது!

1895-ல கான்சாஸ் மாநிலத்துல, மேடைக் கலைஞர் குடும்பத்துல பிறந்தவர். சின்ன வயசுலயே மேடை ஏறிட்டார். அப்பா இவரைத் தூக்கி எறியறதுதான் காமெடி. பிடிச்சு எறிய வசதியா சட்டையில சூட்கேஸ் கைப்பிடி தைச்சிருந்தாங்க. விழுந்து எழுந்து தானும் சிரிச்சா கூட்டம் குறைவாத்தான் சிரிக்குதுன்னு அந்தப் பையன் கவனிச்சான். அன்னைக்கு இறுகின முகம்தான் பின்னாடி அவரோட அடையாளம் ஆச்சு.

1917-ல சினிமாவுக்கு வந்ததும் அவர் செஞ்ச முதல் காரியம், கேமராவை வாங்கிட்டுப் போய் முழுசா பிரிச்சு, திரும்ப மாட்டிப் பார்த்ததாம். நம்ம ஆளுன்னு தோணுதா?

'ஷெர்லாக் ஜூனியர்' (1924) படத்துல தியேட்டர் ஆபரேட்டரா வர்ற கீட்டன், கனவுல திரைக்குள்ளயே நடந்து போயிடுவார். பின்னணி தெரு, பாலைவனம், கடல்னு மாறிக்கிட்டே இருக்கும். கடல்ல குதிச்சா பனியில போய் விழுவார்! ஒவ்வொரு இடத்துலயும் கேமராவுக்கும் அவருக்கும் உள்ள தூரம் மாறாம இருக்க சர்வே கருவி வச்சு அளந்திருக்காங்க. சிவில் நண்பர்களே, சர்வே லேபைத் திட்டாதீங்க. இந்தப் படத்துல தண்ணீர்க் குழாய் காட்சியில கீட்டன் கழுத்தெலும்புல விரிசல் விழுந்துச்சு. வருஷக்கணக்கா கழிச்சு எடுத்த எக்ஸ்ரேயிலதான் அவருக்கே தெரிஞ்சது.

'தி ஜெனரல்' (1926) படத்துக்காக நிஜ ரயில் இன்ஜினை எரியற பாலத்துல ஓட்டி ஆத்துல விழ வச்சார். ஒரே டேக். இன்னைக்கு அதைப் பெரிய படம்னு கொண்டாடுறாங்க. அன்னைக்கு வசூலும் இல்ல, நல்ல விமர்சனமும் இல்ல.

அதுக்கப்புறம்தான் நிஜமான விழுகை. 1928-ல சொந்த யூனிட்டை விட்டுட்டு எம்.ஜி.எம். ஸ்டுடியோவுல ஒப்பந்தம் போட்டார். வேண்டாம்னு சாப்ளினே எச்சரிச்சும் போட்டார். முதல் படம் 'தி கேமராமேன்' அருமை. அப்புறம் கதை, ஸ்டண்ட், எடிட்டிங் எல்லாத்தையும் வேற ஆளுங்க முடிவு பண்ணாங்க. வேடிக்கை என்னன்னா, அந்தப் பேசும் படங்கள் நல்லாவே ஓடுச்சு; என்னால ஒண்ணைக்கூட முழுசா பார்க்க முடியல. சம்பளம் இருந்தது, வேலை அவரோடது இல்ல. குடி, விவாகரத்து, 1933-ல வேலையும் போச்சு. பின்னால அதே ஸ்டுடியோவுல சின்ன சம்பளத்துக்கு மத்தவங்களுக்கு காமெடி எழுதிக் கொடுத்தார்.

ரெண்டு டன் சுவரை அங்குலக் கணக்குல அளந்தவர், ஒரு கையெழுத்தை அளக்காம விட்டுட்டார்.

அவரை மறுபடி வீடு வீடா கொண்டு போனது டிவி. 1950-கள்ல விளம்பரம், ஷோன்னு எதையும் விடல. 1961-ல 'ட்வைலைட் ஸோன்' தொடர்ல ஊமைப்படம் பாணியில ஒரு எபிசோட் நடிச்சார். கதை சுமார்தான், ஆனா 66 வயசுல அந்த ஓட்டம் இருக்கே! 1960-ல கௌரவ ஆஸ்கர் வந்தது. பழைய படங்களும் திரும்ப ஓட ஆரம்பிச்சது. அதையெல்லாம் பார்த்துட்டுத்தான் 1966 பிப்ரவரி 1-ல கண்ணை மூடினார்.

சாப்ளினா கீட்டனான்னு கேட்டா என் ஓட்டு கீட்டனுக்குத்தான். சாப்ளின் நம்மளை அழ வைப்பார். கீட்டன் அழுகையைக் கேக்கவே மாட்டார், அடுத்த வேலையைப் பார்ப்பார். 'ஷெர்லாக் ஜூனியர்' முக்கால் மணி நேரம்தான். வசனம் இல்லாததால சப்டைட்டில் தொல்லையும் அதிகம் இல்ல. இன்னைக்கு ராத்திரி ஹாஸ்டல்ல நாலு பேர் சேர்ந்து போட்டுப் பாருங்க.