21 வயசுல முடிஞ்ச ஆட்டம்: யார் இந்த டங்கன் எட்வர்ட்ஸ்?

பிப்ரவரி 6 வந்தா போதும், மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் ஓல்ட் டிராஃபோர்ட் வாசலில் கூடிடுவாங்க. அங்கே தவறாம அடிபடுற பெயர், டங்கன் எட்வர்ட்ஸ்.

யார் இவர்?
1936-ல் இங்கிலாந்தின் டட்லியில் பிறந்தவர். 16 வயசுலயே யுனைடெட் அணிக்காகக் களமிறங்கினார். 18 வயதில் இங்கிலாந்து அணி. பந்தைப் பறிப்பதிலும் சரி, கோல் அடிப்பதிலும் சரி, கில்லி. 1956, 1957 என இரண்டு முறை லீக் சாம்பியன்.

என்ன நடந்தது?
1958-ல் பெல்கிரேடில் ஐரோப்பியக் கோப்பை ஆட்டம் முடிந்து திரும்பும்போது, விமானம் எரிபொருள் நிரப்ப மியூனிக்கில் இறங்கியது. ஓடுபாதை முழுக்க பனிச்சகதி. மூன்றாவது முறை கிளம்ப முயன்றபோது விபத்து. மொத்தம் 23 பேர் பலி. அதில் 8 பேர் வீரர்கள். 15 நாள் ஆஸ்பத்திரியில் போராடிய எட்வர்ட்ஸ், பிப்ரவரி 21-ல் இறந்தார்.

இன்னும் ஏன் பேசுறாங்க?
1966-ல் இங்கிலாந்து உலகக் கோப்பையை வென்றப்போ, அவர் இருந்திருந்தா வயசு 29தான். அவர் ஆட்டத்தைக் காட்டும் வீடியோக்களும் ரொம்பக் குறைவு. நேரில் பார்த்த தாத்தாக்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்ன கதைகள்தான் பெரிய சாட்சி. அந்தத் தாத்தாக்களும் குறைஞ்சுட்டே வர்றாங்க. அதனாலதான் ஒவ்வொரு பிப்ரவரியும் அந்தக் கதையை யாராவது ஒருத்தர் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கு.