எல்லோரும் ஒரே நேரத்தில் செலவைக் குறைத்தால் என்ன ஆகும்? ஜான் மேனார்ட் கெய்ன்ஸின் கதை

கம்பெனிக்கு வருமானம் குறைஞ்சா என்ன நடக்கும்? புது ஆள் எடுக்க மாட்டார்கள், போனஸ் போகும், அப்புறம் லே-ஆஃப். வீட்டிலும் அப்படித்தான். இஎம்ஐ இடிக்குதுன்னா வெளியில் சாப்பிடுவதை நிறுத்துவோம். இதில் தப்பே இல்லை.

ஆனால், நாடே நெருக்கடியில் இருக்கும்போது அரசாங்கமும் இதையே செய்யலாமா? கூடாது என்று வாதாடியவர் பிரிட்டிஷ் பொருளாதார நிபுணர் ஜான் மேனார்ட் கெய்ன்ஸ். 2008 நிதி நெருக்கடியின்போதும், கொரோனா காலத்திலும் அவர் பெயர் மறுபடியும் அடிபட்டது. யார் இவர்? இந்தியாவுக்கும் இவருக்கும் என்ன கணக்கு?

இந்தியா ஆபீஸில் முதல் வேலை

1883இல் கேம்பிரிட்ஜில் பிறந்தவர் கெய்ன்ஸ். படித்தது கணிதம். 1906இல் சிவில் சர்வீஸ் தேர்வில் இரண்டாம் இடம் பிடித்து, லண்டனில் இருந்த இந்தியா ஆபீஸில் சேர்ந்தார். அங்கே அவருக்கு வந்த ஆரம்ப வேலைகளில் ஒன்று, பத்து இளங்காளைகளை பம்பாய்க்குக் கப்பலில் அனுப்ப ஏற்பாடு செய்வது!

வேலை போரடிக்கவே, 1908இல் ராஜினாமா செய்தார். ஆனால் ரூபாய் பற்றிய ஆர்வம் விடவில்லை. அவருடைய முதல் புத்தகமே இந்திய நாணயம், நிதி பற்றியதுதான், வெளிவந்தது 1913இல். கடைசிவரை அவர் இந்தியாவுக்கு வந்ததில்லை.

கடனாளியைப் பிழிஞ்சா கடன் வந்துடுமா?

முதல் உலகப்போர் முடிந்ததும், 1919 பாரிஸ் சமாதானப் பேச்சுக்கு பிரிட்டிஷ் நிதித்துறை சார்பில் போனார். தோற்றுப்போன ஜெர்மனி மீது பெரும் இழப்பீட்டைச் சுமத்த வெற்றி பெற்ற நாடுகள் முனைந்தன. ஜெர்மனியின் தொழிலையும் முடக்கிவிட்டு, பணத்தையும் கேட்டா அது எங்கிருந்து வரும் என்பது கெய்ன்ஸின் கேள்வி. யாரும் கேட்கவில்லை. பதவியை உதறிவிட்டு, அந்த ஒப்பந்தத்தைக் கிழித்து ஒரு புத்தகம் எழுதினார். உலகம் முழுக்க அவர் பெயர் தெரிந்தது அதன் பிறகுதான்.

1925இல் அடுத்த சண்டை. பிரிட்டிஷ் நிதியமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில், பவுண்டை மறுபடியும் தங்கத்தோடு கட்டிப்போட்டார், அதுவும் போருக்கு முந்தைய பழைய மதிப்பிலேயே. இதனால் பிரிட்டிஷ் நிலக்கரி வெளிநாட்டில் விலை கூடியது. அதை ஈடுகட்ட சுரங்க முதலாளிகள் தொழிலாளர் கூலியில் கை வைத்தார்கள். 1926இல் நாடு தழுவிய வேலைநிறுத்தம் வெடித்தது. கரன்சியின் கௌரவத்துக்கு சுரங்கத் தொழிலாளி ஏன் விலை கொடுக்கணும் என்பதே கெய்ன்ஸின் வாதம்.

1931: சிக்கனத்தின் பில் யாருக்கு?

1929இல் அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்தது. பங்குகளில் முதலீடு செய்திருந்த கெய்ன்ஸுக்கும் பலத்த அடி. 1931இல் பிரிட்டனில் வேலையில்லாதவர்கள் 25 லட்சத்தைத் தாண்டினார்கள். அரசாங்கம் நியமித்த மே கமிட்டி சொன்ன மருந்து, செலவைக் குறை. வேலையில்லாதவர்களின் உதவித்தொகையை 10 சதவீதம் வெட்டுவதா என்ற சண்டையில் லேபர் கட்சி அரசே கவிழ்ந்தது. அடுத்து வந்த கூட்டணி அரசு வெட்டியே விட்டது. ஆசிரியர்கள், கடற்படை வீரர்கள் சம்பளமும் குறைந்தது.

இது ஏன் வேலைக்கு ஆகாது? கெய்ன்ஸின் விளக்கம் ரொம்ப சிம்பிள். ஒருத்தரின் செலவுதான் இன்னொருத்தரின் வருமானம். ஐடி பார்க்கில் ஆயிரம் பேருக்கு வேலை போனால், பக்கத்து மெஸ், ஆட்டோ, பிஜி எல்லாம் படுக்கும். அவர்களும் செலவைக் குறைப்பார்கள். அந்த நேரத்தில் அரசாங்கமும் கையை இறுக்கினால், வரி வருமானமும் விழும். பற்றாக்குறையை அடைக்கப் போய் அது இன்னும் பெரிசாகலாம். அதனால், தனியார் செலவு சுருங்கும்போது அரசாங்கம் கடன் வாங்கியாவது வேலை உருவாக்கணும். 1936இல் வந்த அவருடைய முக்கியமான புத்தகத்தின் சாரம் இதுதான்.

அப்போ எப்பவும் கடன் வாங்கிச் செலவு பண்ணச் சொன்னாரா? இல்லை. 1940இல், போர்க்காலத்தில் பொருள் குறைவு, பணம் அதிகம். விலைவாசி எகிறும் ஆபத்து. அப்போது சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்து, போர் முடிந்ததும் திருப்பித் தரலாம் என்றார். ஏழைகளுக்கு விலக்கு, குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கு உதவித்தொகை என்பதும் அந்தத் திட்டத்திலேயே இருந்தது.

இந்தியா கேட்ட பணம்

1944 ஜூலையில் அமெரிக்காவின் பிரெட்டன் வுட்ஸில் 44 நாடுகள் கூடின. ஐஎம்எஃப், உலக வங்கி உருவானது இங்கேதான். இதற்கு முன்பே கெய்ன்ஸ் ஒரு திட்டம் வைத்திருந்தார். கடன் வாங்கிய நாடு மட்டும் வயிற்றைக் கட்டக் கூடாது, உபரி சேர்த்து வைத்திருக்கும் நாடும் கட்டணம் செலுத்தணும். அப்போது பெரிய கடன்கொடுத்த நாடு அமெரிக்கா. அது ஒத்துக்கவில்லை.

அதே மாநாட்டில் இந்தியாவும் ஒரு கடன்கொடுத்த நாடு! போருக்காக பிரிட்டன் இந்தியாவில் வாங்கியதற்கெல்லாம், லண்டனில் பவுண்டாக வரவு எழுதினார்கள். அதைக் காட்டி இங்கே ரூபாய் நோட்டு அச்சானது, விலைவாசி ஏறியது. லட்சக்கணக்கானோரைப் பலிகொண்ட 1943 வங்கப் பஞ்சத்துக்கு அதுவும் ஒரு காரணம். இப்படிச் சேர்ந்த பாக்கி, போர் முடியும்போது 100 கோடி பவுண்டைத் தாண்டியது.

அந்தப் பணத்தில் ஒரு பகுதியையாவது ஐஎம்எஃப் வழியாக மாற்றிக்கொள்ள வழி கேட்டது இந்தியக் குழு. அதில் ஏ.டி. ஷ்ராஃபும், பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரான கோவை ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் இருந்தார்கள். பிரிட்டிஷ் குழுவின் தலைவர் கெய்ன்ஸ் மறுத்துவிட்டார். இது இரண்டு நாடுகளுக்கு இடையிலான விஷயம் என்பது அவர் நிலை. பாக்கியில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யணும் என்றும் பிறகு யோசனை சொன்னார்.

கடனாளி தரப்பின் நியாயத்தை உலகுக்குப் புரியவைத்தவர்தான். ஆனால் பஞ்சத்தில் அடிபட்ட ஒரு காலனி தன் பணத்தைக் கேட்டபோது, அவர் பேரரசின் அதிகாரியாகவே நின்றார். 1946 ஏப்ரல் 21 அன்று, 62 வயதில் மாரடைப்பால் இறந்தார்.

இன்றைக்கு ஏன் தெரிஞ்சுக்கணும்?

2010க்குப் பிறகு கடனில் மூழ்கிய கிரீஸுக்கு அதே பழைய மருந்துதான் கொடுக்கப்பட்டது. ஓய்வூதியம், சம்பளம் வெட்டப்பட்டன. 2013இல் வேலையின்மை 27 சதவீதத்தைத் தொட்டது. பாதிப்பைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டதாக ஐஎம்எஃப்பே ஒப்புக்கொண்டது.

அடுத்த பட்ஜெட்டில் நிதிப் பற்றாக்குறையைக் குறைக்கப் போகிறோம் என்று செய்தி வந்தால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். பொருளாதாரம் ஓடுகிறதா, படுத்திருக்கிறதா? வெட்டு யாருடைய தட்டில் விழுகிறது? விதியை எழுதுவது கடன் கொடுத்தவரா, வாங்கியவரா? முதல் இரண்டும் கெய்ன்ஸ் கேட்ட கேள்விகள். மூன்றாவதை, பிரெட்டன் வுட்ஸில் இந்தியா அவரிடமே கேட்டது.